கல்லடிக் கடலில் மாண்ட இளைஞர்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே, 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீட்டருகே நின்று கிழக்கே நோக்குவோருக்கு நீலக் கடலன்றி வேறெதுவும் தோன்றாது. ஆயினும், கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கடல் மைலுக்கப்பால், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், 600 அடி நீளமான போர்க்கப்பலொன்று பக்கவாட்டிற் சரிந்து கிடக்கின்றது. ‘ஹேர்மஸ்’ என்பது அதன் பெயர். விமானங்களைச் சுமப்பதற்கென்றே தொடக்கம் முதல் திட்டமிட்டு, 1918ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய பிரித்தானியக் கப்பல் அது. அதனோடு 307 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் மீசை அரும்பும் பருவத்தினர்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மூன்று நாட்களின் பின், நகுமோ தளபதியின் கப்பற்படை திருக்கோணமலையை நெருங்குவது தெரியவந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. ஹேர்மஸும், அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான ‘வம்பயரும்’ கரையோரமாகத் தெற்கே விரைந்தன. உயிர் தப்புவதற்கென்றே மேற்கொண்ட பயணம் அது. அவ்வவசரத்தில் ஹேர்மஸ் தன் விமானங்களைத் தரையிலே விட்டுச் சென்றது. விமானங்களுக்காகவே பிறந்த கப்பல் ஒரு விமானமுமின்றிக் கடலேறிற்று என்றால், விதியை நோவதா, கட்டளையிட்டோரை நோவதா?

மறுநாள், 9ஆம் திகதி வியாழக்கிழமை. சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. காலையில் திருக்கோணமலை குண்டுமழைக்கு இலக்காயிற்று. அது முடிந்தபின் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த இரு கப்பல்களையும் யப்பானிய வேவு விமானமொன்று கண்டுவிட்டது. முற்பகல் பத்தரை மணிக்குப் பின், வெயிலின் திசையிலிருந்து குண்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாகப் பாய்ந்தன. கப்பற் பீரங்கிகள் இயன்றவரை சுட்டன. இருபது நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோவும் கப்பலோடு மாண்டார். அடுத்து வம்பயரும் மூழ்கியது. அன்று அவ்வழியே வந்த ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பலை யப்பானியர் தாக்கவில்லை; நீரில் தத்தளித்த ஏறத்தாழ அறுநூறு பேரை அது ஏற்றிக்கொண்டு கொழும்பு சேர்ந்தது. போரின் நடுவே இத்தகைய ஓர் அறமும் இருந்ததைச் சொல்லாமல் விடலாகாது.

அந்நாளையப் பிரித்தானியக் கடற்படையிலே பதினெட்டு வயது நிறையாத மாலுமிக்குப் ‘பையன்’ என்பதே பதவிப் பெயர். சம்பளப் புத்தகத்தில் மட்டுமன்று, இறந்தோர் பட்டியலிலும் அச்சொல்லே பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் நாள் உறவினனையும் மறுநாள் கணவனையும் களத்தில் இழந்த பின்னும், ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி வேலைக் கையிற் கொடுத்தனுப்பிய தாயைப் புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகின்றார். அத்தாய் களத்திற்குச் சென்று தேடவேனும் வழியிருந்தது. இங்கிலாந்திலே கதவடியில் நின்ற தாய்க்குக் கிடைத்தது ஒரு தந்தி மாத்திரமே.

நம் முன்னோர் களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டனர். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பெயர் பொறித்து மயிற்பீலி சூட்டுவதும் வழக்கம். ஹேர்மஸ் மாலுமிகளுக்கும் கல் உண்டு. ஆனால் அது இங்கில்லை. கடலிற் காணாமற்போனோர் பெயர்களைத் தாங்கிய நினைவுத்தூண்கள் பிளிமத், போட்ஸ்மத், சதம் ஆகிய இங்கிலாந்துத் துறைமுகங்களில் நிற்கின்றன. பிளிமத் தூணடியில் மட்டும் இரு மகாயுத்தங்களிலும் மாண்ட இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. வம்பயரின் அவுஸ்திரேலியரும் அவர்களுள் அடங்குவர். கல் அங்கே, உடல் கல்லடிக் கடலிலே.

குண்டெறிந்தவர்களும் நெடுநாள் வாழவில்லை. அத்தாக்குதலுக்கு வந்த ஐந்து யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டே மாதங்களில் மிட்வே தீவருகே கடலுக்கடியிற் சென்றன. அங்கும் இளைஞரே மாண்டனர். அவர்கள் வீட்டிலும் தாய்மார் காத்திருந்தனர்.

அந்நிய நாட்டுப் பிள்ளைகளின் கதை நமக்கெதற்கு என்று மட்டக்களப்பார் கேட்கமாட்டார்கள். 2009ஆம் ஆண்டு வரை நீடித்த உள்நாட்டுப் போரிலே வீட்டைவிட்டுச் சென்று திரும்பாத பிள்ளைகள் இவ்வாவிக் கரையின் ஊர்களிலும் உளர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கல்லடியிலும் நாவலடியிலும் பலரைக் கொண்டுபோயிற்று. புதைகுழி காணாத மரணம் இன்னதென்று இக்கரைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று அக்கப்பலைப் பவளமும் பாசியும் மூடியிருக்கின்றன. பெரிய மீன்கள் அங்கே கூட்டமாய்த் திரிகின்றன. ஆழத்தில் மூழ்கப் பயின்றோர் சிலர், கடல் அமைதியான மாதங்களில் இறங்கி, சரிந்த தளத்தையும் வாய் திறந்து நிற்கும் பீரங்கிகளையும் கண்டு மேலேறுகின்றனர்.