ரசம் சூப் ஆன கதை

செக் நாட்டு வெங்காய சூப்புக்குப் பேர் சிபுலாச்கா. வெங்காயத்தை வெண்ணெயில் பொறுமையா வதக்கி, தண்ணி ஊற்றி, கேரவே விதை போட்டுக் கொதிக்கவைத்து, வறுத்த ரொட்டியோடு சாப்பிடுவார்கள். திண்டுக்கல் பேட்டைச் சின்ன வெங்காயத்தில் செய்து பார்த்தேன், இனிப்பு தூக்கல். கேரவேக்குப் பதில் சீரகம் போட்டதும் பாதி ரசமே ஆகிவிட்டது.

இந்த உறவு பழசுதான். நம்ம மிளகுத்தண்ணிதான் ஆங்கிலத்தில் ‘முல்லிகட்டானி’ சூப். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்கு 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைச் சான்று காட்டுகிறது. எழுதியவர் ஹைதர் அலியிடம் கைதியாக இருந்த ஆங்கிலக் கடற்படைக்காரர். பெங்களூர் சிறையில் மிளகுத்தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சி, இதுதான் சாப்பாடு என்று புலம்புகிறார். (அந்த ஹைதர் 1755-இல் ஃபவுஜ்தாராக வந்து, படை பெருக்கி, மேலே ஏறியது நம்ம திண்டுக்கல் கோட்டையிலிருந்துதான்!)

கைதியின் தட்டில் வெங்காயம் இருந்திருக்காது என்பது என் ஊகம். மிளகு ரசத்துக்கு அது பொதுவா தேவையில்லை. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பில்தான் வதக்கிய வெங்காயமும் கறிச்சாறும் உள்ளே வந்தன. தண்ணியா இருந்தது கெட்டியானது. சிறைச் சாப்பாடு விருந்தில் முதலில் பரிமாறும் பண்டமானது. பிறகு இங்கிலாந்தில் டின்னில் அடைத்தும் விற்றார்கள். லேபிளில் மிளகும் தண்ணியும் அப்படியே இருக்கு. வெங்காயத்துக்குப் பேர் கிடைக்கவில்லை.