சாலைக்கும் பந்தயக்களத்திற்கும் ஒரே டயர்

1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் கம்பெனியார் தங்கள் ஈ-டைப் காரை உலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதன் நீண்ட முகப்பின் சௌந்தரியமும், மணிக்கு 150 மைல் என்று பிரசித்தமான அதன் வேகமும் எல்லோர் வாயிலும் அடிபட்டன. ஆனால் பத்திரிகைக்காரர்கள் அந்த வேகத்தை அளந்து பார்த்த காரின் சக்கரங்களில், விலைக்கு வாங்குகிறவருக்குச் சாதாரணமாகக் கிடைத்த டன்லப் ஆர்.எஸ்.5 டயர்கள் அல்ல, ஆர்.5 என்னும் பந்தய டயர்களே பூட்டப்பட்டிருந்தன என்பதை இன்று நினைவு வைத்திருப்பவர் சிலரே. அந்தப் பந்தய டயரையும் விரும்பியவர் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. வாரநாட்களில் அலுவலகத்திற்கும் விடுமுறை நாளில் பந்தயக்களத்திற்கும் ஒரே காரை ஓட்டிச்செல்லும் வழக்கம் அக்காலத்து இங்கிலாந்தில் உயிரோடிருந்தது; எந்த டயரைப் பூட்டுவது என்ற கேள்வியும் அந்த வழக்கத்தோடு பிறந்ததுதான்.

ஆதியில் இக்கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் சாலைதான் பந்தயக்களம். 1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், காற்றடைத்த டயர் காரின் பாரத்தைத் தாங்கும் என்று நிரூபிக்க விரும்பிய மிஷெலின் சகோதரர்கள் தாங்களே காரோட்டிகளாகப் புறப்பட்டு, பஞ்சருக்கு மேல் பஞ்சராகப் பட்டு, கொண்டுபோன ட்யூப்களையெல்லாம் செலவழித்து, நிர்ணயித்த 100 மணி நேரமும் கடந்த பின்னரே வந்து சேர்ந்தார்கள். முதலாவதாக வந்த லெவஸோர் 49 மணி நேரத்திற்குள் ஓடி முடித்திருந்தார். இருந்தும், சில ஆண்டுகளுக்குள் காற்றில்லாத டயரோடு பந்தயத்திற்கு வருவோர் அருகிப்போயினர்.

டயரே ஜயாபஜயத்தைத் தீர்மானிக்கும் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது 1906ஆம் ஆண்டு ஜூன் 26, 27 தேதிகளில் லெ மான் நகருக்கருகே நடைபெற்ற முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ. ஒரு சுற்றுக்கு 103 கிலோமீட்டராக நாளுக்கு ஆறு சுற்று, ஆக மொத்தம் 1,238 கிலோமீட்டர். புழுதியை அடக்குவதற்காகச் சாலைக்குப் பூசியிருந்த தார் கோடை வெயிலில் உருகி, கற்களோடு சேர்ந்து ஓட்டுநர்களின் முகத்திலும் கண்ணிலும் தெறித்தது; டயர்கள் கிழிந்துகொண்டே இருந்தன. ஓட்டுநரும் அவருடன் அமர்ந்த மெக்கானிக்கும் தவிர வேறெவரும் காரைத் தொடலாகாது என்பது விதியாதலால், பழைய டயரைக் கத்தியால் அறுத்தெறிந்து புதியதை மாட்டுவதற்குக் கால்மணி நேரம் பிடித்தது. மிஷெலின் கம்பெனியார் செய்தளித்த கழற்றக்கூடிய ரிம்மில், காற்றடைத்த டயர் முன்னதாகவே பொருத்தப்பட்டிருந்ததால், சில திருகுகளைத் தளர்த்தி நாலு நிமிஷத்திற்குள் மாற்றிவிட முடிந்தது. ஆனால் அந்த ரிம் பாரமானது; காரின் எடை 1,000 கிலோவுக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற வரம்புக்கஞ்சிச் சிலர் அதை வேண்டாமென்றனர். பின்சக்கரங்களில் மட்டும் அதைப் பூட்டிவந்த ரெனோவின் ஃபெரென்ஸ் சிஸ் என்னும் ஹங்கேரியர், இரண்டாவதாக வந்த ஃபியட்டின் நட்ஸாரோவை அரைமணிக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். அந்த ரிம் இல்லாமலே போராடி மூன்றாவதாக வந்த ஆல்பெர் க்ளெமானின் உழைப்பை எண்ணும்போது எனக்கு வெற்றிபெற்றவரைக் காட்டிலும் அவர்பால்தான் மனம் செல்கிறது. புறப்பட்ட 32 கார்களில் முடித்தவை 11.

1923இல் அதே லெ மானில் 24 மணி நேரப் பந்தயத்தைத் தொடங்கியவர்கள், மட்கார்டும் விளக்கும் கொண்ட சாலைக் கார்களின் உறுதியைச் சோதிப்பதையே பிரதான நோக்கமாகக் கொண்டிருந்தனர். அந்தப் பாரம்பரியம் நீண்டநாள் நின்றது: 1951இல் ஜாகுவார் சி-டைப் கார்கள் மூன்றும் லாரியிலேற்றப்படாமல் சாலை வழியே ஓட்டிச் செல்லப்பட்டு, அவற்றில் ஒன்று பந்தயத்தையும் வென்றது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்த விமானத்தளங்கள் சில்வர்ஸ்டோன், குட்வுட் போன்ற களங்களாயின. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத்தளத்திலும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல்லாண்டு பந்தயம் நடத்தினர்.

சாலைக்கும் களத்திற்கும் இருந்த இந்த ஒற்றுமையைக் குலைத்தது ரப்பரின் சுபாவமே. தரையை அழுந்தப் பற்றும் ரப்பர், தான் நசுங்கி மீளும்போது சக்தியில் பெரும்பங்கை உஷ்ணமாக உள்ளே விழுங்கிக்கொள்வது. அதனால் அது விரைவில் தேயும். நெடுநாள் உழைக்கும் ரப்பரோ அத்தனை பற்றுவதில்லை. மேலும் பந்தய ரப்பர் சூடேறினால்தான் தன் குணத்தைக் காட்டும். காலைக் குளிரில் கடைவீதிக்குப் போகிறவர் அந்தச் சூட்டை ஒருநாளும் எட்டுவதில்லை. இதற்கிடையில் மிஷெலின் 1946இல் பேடண்ட் பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர், நூல் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து நெய்யாமல் சக்கரம் உருளும் திசைக்குச் செங்குத்தாக ஓட்டி, மேலே எஃகுப் பட்டையால் இறுக்கியதாகையால், சாலைக்காரருக்கு நீண்ட ஆயுளையும் உறுதியான பிடிப்பையும் அளித்தது. பந்தயக்காரர் பலர், வழுக்குவதற்கு முன் நிதானமாக எச்சரிக்கும், நூல் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்த பழைய கிராஸ்-ப்ளை டயரையே நெடுங்காலம் விடாதிருந்தனர். 1978இல் பிரேசில் கிராண்ட் பிரீயை ராய்ட்டமான் என்னும் ஓட்டுநர் ஃபெராரியில் வென்றபோதுதான் ரேடியலுக்கு அந்த உயர்ந்த களத்தில் முதல் ஜயம் கிட்டியது.

அதற்குமுன்பே, 1971இல், பள்ளம் ஏதுமற்ற மொட்டை டயர் கிராண்ட் பிரீ கார்களில் புகுந்துவிட்டது. உலர்ந்த தரையில் ரப்பர் முழுவதும் படிவதால் அதற்கு நிகரில்லை. மழையில் அதன் கதி என்ன என்பதை அமெரிக்காவின் நாஸா நிபுணர்கள் 1960களின் தொடக்கத்தில், விமானச் சக்கரங்களை ஆராய்ந்தபோதே கண்டறிந்திருந்தனர்: தேங்கிய நீர் வெளியேற வழியில்லாத டயர் எந்த வேகத்தில் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது பெரும்பாலும் அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அவர்கள் கணக்குப்படி சதுர அங்குலத்திற்கு 25 பவுண்டு அழுத்தத்தில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். மிதந்த பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெயரளவுக்கே.

இவ்வாறு பிரிந்த இரண்டையும் மீண்டும் ஒன்றாக்க முயன்றவர்கள் அமெரிக்காவில் விற்பனைக் கார்களையே பந்தயத்தில் ஓட்டியவர்கள். சாலை டயரில் உயர்ந்து நிற்கும் ரப்பர்க் கட்டைகள் வளைவுகளில் நெளிந்து, சூடேறிப் பிய்ந்துபோவதைக் கண்டு, புதிய டயரையே இயந்திரத்தில் கொடுத்துச் சீவி, பள்ளத்தைக் குறைத்துப் பூட்டினர். பின்னர் கம்பெனிகளே, பந்தய ரப்பரில் ஆழமற்ற நாலைந்து பள்ளங்களைக் கீறி, சட்டப்படி சாலையில் ஓட்டத்தக்க டயர்களை விற்கலாயின. இன்று சக்திவாய்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பல தொழிற்சாலையிலிருந்தே அத்தகைய டயர்களோடு வருகின்றன.

சட்டம் அனுமதிப்பது வேறு, மழை அனுமதிப்பது வேறு. ஐரோப்பியச் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் மட்டுமே. களத்தில் வழுக்கினால் ஓட்டுபவரின் நேரமும் அவர் காரும் நஷ்டமாகும். சாலையில் வழுக்கினால் எதிரே குழந்தைகளோடு வருகிறவர் என்ன பாவம் செய்தார்? ஆகையால் இரண்டு செட் சக்கரங்கள் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர், பந்தய டயரைக் களத்திற்குக் கொண்டுபோய் அங்கேயே மாற்றிக்கொள்ளட்டும். ஒரே செட்தான் இயலும் என்பவர், வீடு திரும்பும் சாலையில் பெய்யக்கூடிய மழையை முன்னிட்டே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் களத்தில் ஒரு சுற்றுக்குச் சில விநாடி இழந்தாலும் இழக்கட்டும்.