வானுக்குள் என் கைபேசி யாருக்காக வாசிக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு வாடகை வான் ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். வேறு பயணிகளும் இருந்தார்கள். கொடிகாமம் தாண்டியதும் நேரம் அறிவதற்காகக் கைபேசியின் திரையைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் சந்திக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு தாய் அனுப்பியது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிக் கதைக்கத் தான் சம்மதிப்பதாகவும், ஆனால் தன் பெயரையும் ஊரையும் எங்கும் போடக்கூடாது என்றும் எழுதியிருந்தார். அனுப்பியவரின் பெயரில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் என் கைபேசி அதை வாசித்தது. என் கையிலிருந்து அல்ல, வானின் ஸ்பீக்கர்களிலிருந்து.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சாரதி மட்டும், "தம்பி, உங்கட போன் வானோட கனெக்ட் ஆயிட்டுது" என்றார்.

2009இல் எறிகணைச் சிதறல் பட்டு என் இரு கண்களிலும் பார்வை போனது. திரையில் உள்ளதை உரத்து வாசிக்கும் மென்பொருள் இல்லாமல் என்னால் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அன்ட்ரொயிட் கைபேசியில் அதன் பெயர் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர். போரில் பார்வையை இழந்த வேறு பலரும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை வாகனத்தில் ஏற்றிச் செல்பவர்களுக்காகவும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குரல் ஏன் வாகனத்துக்குப் போகிறது?

ஒரு கைபேசி வாகனத்துடன் புளூடூத்தில் இணையும்போது ஒலி இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று தொலைபேசி அழைப்புகளுக்கானது. மற்றது பாட்டு, காணொளி போன்றவற்றுக்கானது. திரைவாசிப்பானின் குரலையும் கைபேசி இந்த இரண்டாவது வழியில்தான் அனுப்புகிறது. அது ஒருவருடைய கண்ணுக்குப் பதிலாக வேலை செய்யும் குரல் என்பது கைபேசிக்கும் தெரியாது, வானுக்கும் தெரியாது.

ஒரு தடவை இணைத்துவிட்டால் பிறகு யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. அடுத்த முறை ஏறி, சாரதி சாவியைத் திருப்பியதும் இரண்டும் தாமாகவே இணைந்துவிடும். எனக்கு நடந்ததும் இதுதான். சில வாரங்களுக்கு முன் அதே வானில் ஓர் அழைப்புக்காக இணைத்திருந்தேன். அதை மறந்தே போனேன்.

கைபேசி ஊமையானால்

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. வானில் வானொலி பாடிக்கொண்டிருக்கும். கைபேசியோ புளூடூத்தில் இணைந்திருக்கும். டோக்பேக்கின் குரல் வானுக்குப் போய்ச் சேரும், ஆனால் வானொலி தெரிவாகி இருப்பதால் வான் அதை ஒலிக்காது. நமக்குக் கைபேசி செத்துப்போனது போல இருக்கும். நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் பயனில்லை, அது திரும்பவும் வானுடன்தான் இணையும். அதே வேளை அழைப்பு வந்தால் வானொலி தானாக அடங்கி, அழைப்பு எல்லோருக்கும் கேட்கும். அழைப்புகள் கேட்கின்றன, வாசிப்பு மட்டும் கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இறங்கிய பிறகும் இது தொடரலாம். புளூடூத் சாதாரணமாகப் பத்து மீற்றர் அளவுக்கு எட்டும். முறிகண்டியில் வானை நிறுத்தினால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும் என் கைபேசியின் குரல் வானுக்குள்ளேயே இருக்கும்.

இன்னொன்று, புளூடூத்தில் சிறு தாமதம் உண்டு. சில வாகனங்களில் வாசிப்பின் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். வங்கி அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டில் முதல் இலக்கம் கேட்காமல் போனால் குறியீடே வீண். கேட்டாலோ, அருகில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

செய்யக்கூடியவை

*அன்ட்ரொயிட்:* புளூடூத் அமைப்பில் வாகனத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் பொத்தானைத் திறவுங்கள். அங்கே 'போன் கோல்ஸ்', 'மீடியா ஓடியோ' என்று இரண்டு ஆளிகள் இருக்கும். கைபேசிக்குக் கைபேசி பெயர் சற்று மாறலாம். மீடியா ஓடியோவை மட்டும் நிறுத்திவிட்டால் அழைப்புகள் வாகனத்தில் கேட்கும், டோக்பேக்கின் குரல் உங்கள் கைபேசியிலேயே இருக்கும். ஒரு வாகனத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

*ஐபோன்:* இப்படிப் பிரித்து நிறுத்தும் ஆளி இதில் இல்லை. கொன்ட்ரோல் சென்டரில் புளூடூத்தை நிறுத்தினால் மறுநாள் காலை 5 மணிவரை அது வாகனத்துடன் இணையாது. ஒரு நாள் பயணத்துக்கு இது போதும். நிரந்தரமாக விலக்க வேண்டுமானால், புளூடூத் பட்டியலில் அந்த வாகனத்தை அழித்துவிடுங்கள்.

*குரல் எதுவுமே கேட்காதபோது:* கூகுள் உதவியாளரிடமோ சிறியிடமோ "டேர்ன் ஓஃப் புளூடூத்" என்று சொல்லுங்கள். பதில் உங்களுக்குக் கேட்காவிட்டாலும் கட்டளை வேலை செய்யும்.

*உடனே வாயடைக்க:* புதிய டோக்பேக்கிலும் வொய்ஸ்ஓவரிலும் இரண்டு விரல்களால் திரையில் ஒரு தட்டு தட்டினால் வாசிப்பு நின்றுவிடும். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் பெயரோடு நிறுத்தியிருப்பேன்.

*இயர்போன்:* வயர் உள்ளது நல்லது. ஒரு காதில் மட்டும் போடுங்கள், மற்றக் காது வீதிக்கும் அருகில் இருப்பவர்களுக்கும் வேண்டும். ஆனால் இயர்போனைச் செருகிய பிறகு வாகனம் இணைந்தால் ஒலி அங்கே தாவிவிடலாம். ஆகவே மேலே சொன்னதையும் செய்யத்தான் வேண்டும்.

பெயர்ப் பட்டியலும் போகும்

முதன்முதலாக இணைக்கும்போது, தொடர்பு இலக்கங்களையும் அழைப்பு விபரங்களையும் வாகனத்துக்குக் கொடுக்கலாமா என்று கைபேசி கேட்கும். பலர் அவசரத்தில் 'ஓம்' என்று அழுத்திவிடுகிறோம். பிறகு வெளிநாட்டில் உள்ள உறவுகளின் பெயர்களும், யாருடன் எப்போது கதைத்தோம் என்பதும் வானின் திரையில் தெரியக்கூடும். பார்வை உள்ளவர் அந்தத் திரையைக் கண்டால் உஷாராகிவிடுவார். நமக்கு அப்படியொரு திரை இருப்பதே தெரியாது. வாடகை வாகனத்தில் இந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், உங்கள் கைபேசியில் அழிப்பது மட்டும் போதாது. வாகனத்தின் பட்டியலிலிருந்தும் உங்கள் கைபேசியை நீக்கச் சொல்லிச் சாரதியிடம் கேளுங்கள்.

சாரதிமாருக்கும் உறவினருக்கும்

பார்வையற்ற ஒருவர் ஏறினால், அவருடைய கைபேசியின் பெயர் உங்கள் திரையில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இணைக்கும்போது திரையில் ஆறு இலக்கங்கள் வந்தால் அவற்றை வாசித்துக் காட்டுங்கள், அவர் தன் கைபேசி சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்வார். அவருடைய கைபேசியை வாங்கி நீங்களே செய்துவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 22ஆவது உறுப்புரை அந்தரங்கத்துக்கான உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமை வீட்டுக்குள் மட்டும் இருப்பதல்ல, வானின் பின் ஆசனத்திலும் இருக்கவேண்டும்.

அன்று வவுனியாவில் இறங்கி அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். மறைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வானுக்க ஆர் ஆர் தம்பி இருந்தவை?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் ஒருவர் இருமினார், முன்னால் ஒரு பிள்ளை அழுதது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் தேநீர் தந்தார். அன்று பேட்டி நடக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எந்த வாகனத்தில் ஏறினாலும் புளூடூத்தை நிறுத்திவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். வான் புறப்பட்டதும் ஒரு தடவை திரையைத் தொட்டு, குரல் என் கையிலிருந்து வருகிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.