போரின்றிப் பிரிந்த இரு நாடுகள்

நாடுகளிடை அமைதி நிலைபெறுவது படைவலியாலா, மக்கட் சமுதாயங்களின் பிணைப்பாலா என்னும் வினா சமூகவியலார்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் பொதுவானது. கார்ல் டாய்ச்சும் அவர்தம் குழுவினரும் 1957-இல் வெளியிட்ட நூலில், தம்முட் பூசல் எழினும் அதனைப் போரால் தீர்க்க எண்ணாத மக்கட் கூட்டத்தைப் ‘பாதுகாப்புச் சமுதாயம்’ எனக் குறித்தனர். அரசுகள் ஒன்றாக இணையாமலே அந்நிலையை எய்தலாம் என்பது அவர்தம் முடிபு. அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்றாகிய நார்வே, சுவீடன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இரு நாட்டாரும் லூதர் நெறியினர். ஒருவர் மொழி மற்றவர்க்குப் பெரிதும் விளங்கும். ஆதலின் இவரிடைப் போர் நிகழாமை இயல்பே என்பாருளர். அஃது ஏலாது. சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லசு 1718-இல் மாண்டது நார்வேயின் கோட்டையொன்றை முற்றுகையிட்டபோதுதான். 1814-இல் ஏற்பட்ட ஒன்றியமும் ஒரு சிறு போரின் பின்னரே அமைந்தது. மொழியும் சமயமும் அன்றும் இருந்தனவே!

ஒன்றியத்தில் மன்னர் ஒருவர், பாராளுமன்றங்கள் இரண்டு, வெளிநாட்டுறவோ சுவீடன் கையில். கடல்வாணிகத்தில் ஓங்கிய நார்வேயர் தமக்கெனத் தனி வாணிகத் தூதரை வேண்டினர். மன்னர் இரண்டாம் ஆஸ்கர் இசையாராக, 1905 ஜூன் 7-இல் நார்வே பாராளுமன்றம் ஒன்றியம் முடிந்ததென அறிவித்தது. ஆகஸ்டு 13-இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிவை ஏற்றோர் 3,68,208 பேர். மறுத்தோர் 184 பேரே. வாக்குரிமை பெறாத பெண்டிர் தாமே முன்வந்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். வாக்கெண்ணிக்கையினும் இது பெரிதென எமக்குத் தோன்றுகின்றது.

இருபுறமும் படை திரண்டது. எனினும் போர் மூளவில்லை. வல்லரசுகள் போரை விரும்பாமையும் ஒரு காரணமே. அதனை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும் 1814-இல் போரை முடிவுசெய்தோர் அரசரும் படைத்தலைவரும். 1905-இலோ நிலைமை வேறு. நார்வேயில் ஆடவர் அனைவரும் 1898-இலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். சுவீடன் தொழிலாளரோ அவ்வுரிமைக்காக 1902-இல் பொதுவேலைநிறுத்தம் செய்தவர்கள். நார்வேயின்மேற் படையெடுத்தலை அவர்தம் இயக்கம் வெளிப்படையாக எதிர்த்தது. படைக்கலங்களைக் கீழேயிடுமாறு அறிக்கை விடுத்த செத் ஹெக்லுண்ட் என்னும் இளைஞர் சிறை புகுந்தார். இவ்விரு மக்களையும் ஒருவரோடொருவர் பொருதச் செய்தல் அரசுகட்கு அரிதாயிற்று என்றே கருதுகின்றோம். பூசலுக்கு வித்தாயிருந்ததும் ஒன்றியமே என்பது கருதத்தக்கது.

செப்டம்பர் 23-இல் கார்ல்ஸ்டாட் நகரில் எய்திய உடன்பாட்டால் எல்லையில் நடுநிலை வலயம் அமைந்தது. அதனுள் அரண்கள் நீக்கப்பட வேண்டுமென முடிவாயிற்று. அதன் பயனை ஒரு சிறு வழக்கிற் காணலாம். கிரிஸ்போடர்னா என்னும் கடற்றிட்டில் சிங்கி இறால் பிடிக்கும் உரிமை பற்றி இரு நாட்டு மீனவரும் பிணங்கினர். வழக்குத் திஹேக் நடுவர் மன்றம் சென்றது. சுவீடன் மீனவர் அங்கு மிகுதியாகத் தொழில் செய்துவந்தமையும், அந்நாட்டரசு விளக்குக்கப்பல் நிறுத்தியிருந்தமையும் நோக்கி, 1909 அக்டோபரில் மன்றம் அத்திட்டினைச் சுவீடனுக்கு வழங்கிற்று. நார்வே அதனை ஏற்றது.