படியும் ஈடும்

திருவாய்மொழி வ்யாக்யானங்களின் திருநாமங்களில் நிற்கும் 'படி' என்ற சொல்லைப் பாசுரத் தொகை என்று மயங்குவார் உளர். திருவாய்மொழிப் பாசுரங்களோ 1102 மட்டுமே. படி என்பது அளவைச் சொல். ஒற்றெழுத்துக்களை நீக்கி எண்ணிய 32 எழுத்துக்கள் ஒரு படியாம். அனுஷ்டுப் சந்தஸ்ஸிலமைந்த ஒரு ச்லோகத்தின் அளவும் அதுவே. வடமொழியார் அதனைக் கிரந்தம் என்பர்.

உரைநடைக்கு ச்லோக அளவை ஏன்? எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியை ஸ்ரீவிஷ்ணுபுராணத்தோடும், நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியை ஸ்ரீபாஷ்யத்தோடும், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படியை ஸ்ரீராமாயணத்தோடும் ஒப்பிட்டுப் பேசுவது பூர்வர் வழக்கு. தமிழ்மறையின் உரையை வடமொழி நூலளக்கும் கோலாலேயே அளந்தனர். உபயவேதாந்தம் என்ற கொள்கை இப்பெயரீட்டிலேயே அமைந்து கிடக்கிறது.

படிக்குப் பிரதி என்ற பொருளும் உண்டு. நஞ்சீயர் தம் உரையைப் படியெடுக்கத் தந்ததும், காவிரி வெள்ளத்தில் அது போக, நம்பிள்ளை நினைவிலிருந்தே மீண்டும் எழுதியதும் ப்ரஸித்தம். அங்கே படியெடுக்கப்பட்டதும் ஒரு 'படி'யே! இரண்டையும் ஒன்றாக்கலாகாது.

இனி 'ஈடு'. நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளிச்செய்தவற்றைப் பகலில் கேட்டு, இரவில் வடக்குத் திருவீதிப் பிள்ளை பட்டோலை கொண்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. எழுத்தால் எண்ணினால் 11,52,000. ச்ருதப்ரகாசிகைக்கு ஒப்பாகையால் 'ஈடு' என்பது பலரும் கூறும் நிர்வாஹம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒப்புமையே காரணமாயின் மற்றைய படிகளுக்கும் அப்பெயர் வந்திருக்க வேண்டுமே. மேலும், அளவை 'முப்பத்தாறாயிரப்படி' என்ற பகுதியே சொல்லிவிட்டது. அதனையே ஈடு என்று மீண்டும் சொல்வானேன்? கவசம் என்று பொருள் கொண்டு, திருவாய்மொழிக்குக் காப்பு என்பாரும் உளர். நயமான நிர்வாஹந்தான், எனினும் எல்லா உரைக்கும் அது பொதுவே.

கெடு, கேடு ஆனாற்போல, சுடு, சூடு ஆனாற்போல, 'இடு' என்ற முதனிலை நீண்டு 'ஈடு' ஆகும். ஓலையில் இடப்பட்டது ஈடு. மற்றைய ஆசிரியர்கள் தாமே உரை வகுத்தனர். இங்கோ ஆசார்யன் வாக்கு வேறு, எழுதிய கை வேறு. பிற படிகளுக்கில்லாத இத்தன்மையே பெயருக்கு நிமித்தம் என்று கொள்வது பொருந்தும். நம்பிள்ளை அவ்வோலைகளைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டு, பின்பு ஈயுண்ணி மாதவப் பெருமாளுக்கு அளித்தார் என்ற வரலாறும், இட்டு வைத்த பொருளாகவே அதனைப் பூர்வர் கருதினர் என்பதைக் காட்டுகிறது.