கைத்தடியும் பணப்பையும்

யூதர்களுடைய சரித்திரத்தில் போர்களுக்கும் முற்றுகைகளுக்கும் குறைவே இல்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த சம்பவத்தில் யாரும் வாளை உருவவில்லை. ஒரு பண்டிதர் கைத்தடியையும் பணப்பையையும் எடுத்துக்கொண்டு இன்னொரு பண்டிதரைப் பார்க்க நடந்து போகிறார், அவ்வளவுதான். அந்த நடை அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் அதன் பெருமை விளங்கும்.

கி.பி. 70-ஆம் ஆண்டில் ரோமானியப் படைகள் ஜெருசலேம் நகரைப் பிடித்து, யூதர்களின் மகா ஆலயத்தைக் கொளுத்தி அழித்தன. பலிபீடம் போயிற்று, அதைச் சுற்றி வளர்ந்திருந்த வாழ்க்கையும் போயிற்று. எஞ்சிய அறிஞர்கள் கடற்கரைக்கு அருகிலிருந்த யாவ்னே என்ற ஊரில் கூடினார்கள். கோயில் இல்லாமல் ஒரு மதத்தைக் கட்டிக் காப்பது எப்படி என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது. அந்தச் சபைக்குத் தலைவராக வந்தவர் கமாலியேல். ஹில்லெல் என்ற பெரியாரின் வமிசத்தில் பிறந்தவர். கண்டிப்பான மனிதர். அவருக்கு அடுத்தபடியாக எல்லோரும் மதித்தவர் யோசுவா. இவர் பரம ஏழை. ஆனால் அறிவில் யாருக்கும் இளைத்தவர் அல்ல.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு எழுதி வைத்த பஞ்சாங்கம் கிடையாது. பிறையைக் கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும்; சபை அதை ஏற்றால் மாதம் பிறந்தது என்று அர்த்தம். ஒரு தடவை, டிஷ்ரி மாதப் பிறப்பின்போது, இரண்டு பேர் வந்து பிறையைக் கண்டதாகச் சொன்னார்கள். மறுநாள் இரவோ பிறை தென்படவே இல்லை! ஆனாலும் கமாலியேல் அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார். தோசா என்ற முதியவர் இதை ஒப்பவில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்று சொன்ன மறுநாளும் தாயின் வயிறு சரியாமல் இருந்தால் அந்தச் சொல்லை யார் நம்புவார்கள் என்ற தோரணையில் பரிகாசம் செய்தார். யோசுவாவும் அவர் பக்கமே சேர்ந்தார்.

இது வெறும் வானசாஸ்திர வாதம் அல்ல. அந்த மாதத்தின் பத்தாம் நாள்தான் யூதர்களின் பாவ நிவிர்த்தித் திருநாள். அன்று அன்னம் தண்ணீர் கிடையாது. வேலை செய்யக் கூடாது. பணத்தைத் தொடக் கூடாது. மாதப் பிறப்பில் ஒரு நாள் வித்தியாசம் வந்தால், ஒரு வீட்டில் உபவாசம் இருக்கும் நாளில் அடுத்த வீட்டில் அடுப்பு எரியும். ஆலயத்தையும் இழந்துவிட்ட சமூகத்தைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்று அந்தத் திருநாள். அதுவும் அறுந்து போகலாமா?

கமாலியேல் உத்தரவு அனுப்பினார். யோசுவாவின் கணக்குப்படி எந்த நாள் பாவ நிவிர்த்தி நாளோ, அதே நாளில் அவர் கைத்தடியுடனும் பணத்துடனும் தம்மிடம் வரவேண்டும்! யோசுவா தவித்துப் போனார். தாம் புனிதம் என்று நம்பும் நாளைத் தாமே மீறுவதா? அக்கிபா என்ற அறிஞர் வந்து, திருநாள்களை நிர்ணயிக்கும் உரிமை சபைக்கே தரப்பட்டது என்று எடுத்துச் சொன்னார். தோசாவிடம் போனார் யோசுவா. முதலில் மறுத்துப் பேசியவரே அவர்தானே! ஆனால் அந்தக் கிழவர், இன்றைய சபையின் தீர்ப்பைக் கிளறினால் மோசே காலத்திலிருந்து வந்த எல்லாச் சபைகளின் தீர்ப்பையும் கிளற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்.

யோசுவா புறப்பட்டார். அவர் வந்ததும் கமாலியேல் எழுந்து நின்று, அவர் தலையில் முத்தமிட்டார். அறிவிலே தமக்குக் குரு என்றும், சொல்லை ஏற்றதனால் தமக்குச் சீடர் என்றும் கூறி வரவேற்றார். பிறையைப் பற்றித் தாம் நினைத்தது தவறு என்று யோசுவா சொல்லவில்லை. சொல்லும்படி கமாலியேல் கேட்கவும் இல்லை.

அதே கமாலியேல் இன்னொரு சமயம் எல்லை மீறினார். இரவுப் பிரார்த்தனை கட்டாயமா, விருப்பமா என்று ஒரு விவாதம். யோசுவா விருப்பம் என்றார். கமாலியேல் அவரைச் சபை நடுவே நிறுத்தி வைத்து, தாம் உட்கார்ந்தபடி பாடம் சொல்லிக்கொண்டே போனார். சபை கொந்தளித்தது. பழைய அவமானங்களையும் நினைவுகூர்ந்து, தலைவரைப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டது! எலெயாசார் என்ற இளைஞர் தலைவரானார். வாசற்காவலன் விலக்கப்பட்டான், அதுவரை உள்ளே விடப்படாத மாணவர்கள் திரண்டு வந்தார்கள். அன்று கூடுதலாகப் போட்ட பலகைகள் 400 என்கிறார் ஒருவர். 700 என்கிறார் மற்றொருவர். தால்மூத் நூல் இரண்டையுமே எழுதி வைத்திருக்கிறது.

பதவி இழந்த கமாலியேல் கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடவில்லை. சபைக்கு வந்தார், யோசுவாவுடன் வாதாடினார், தோற்றார். பிறகு மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கரி படிந்திருந்தது. யோசுவா வயிறு வளர்க்கக் கரி வேலை செய்கிறார் என்பது அப்போதுதான் தலைவருக்குத் தெரிந்தது! அறிஞர்களின் பாடு அறியாத தலைவர் என்று யோசுவா மனம் நொந்து சொன்னார். முதலில் மன்னிக்கவில்லை, பிறகு கமாலியேலின் தந்தையை நினைத்து மன்னித்தார். அவரே முன்நின்று கமாலியேலை மீண்டும் பதவியில் அமர்த்தினார். எலெயாசாரையும் ஒதுக்கிவிடவில்லை, பாடம் சொல்லும் வாரங்களை இருவருக்கும் பங்கிட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபடியே எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. யோசுவாவின் நடையைச் சொல்லும் மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200-இல், பதவி பறிபோன கதையைச் சொல்லும் பாபிலோனியத் தால்மூத் அதற்கும் சில நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனால் தங்கள் பெரியோர்களின் குறைகளை மறைக்காமல் எழுதி வைத்த சமூகம் எதை முக்கியமாகக் கருதியது என்பது தெளிவு. எல்லோரும் ஒரே நாளில் உபவாசம் இருக்க வேண்டும் என்று ஒரு தலைவர் கேட்கலாம். ஒருவனுடைய மானத்தைக் கேட்கக் கூடாது.

அவர்கள் எப்போதும் இந்த உயரத்தில் நின்றார்கள் என்பதில்லை. கமாலியேலுடைய சகோதரியின் கணவரான எலியேசர் பெரும்பான்மைக்குப் பணிய மறுத்தபோது, அந்த மாபெரும் பண்டிதரை விலக்கி வைத்தார்கள். ஆயினும் அவருடைய அபிப்பிராயங்களை அழிக்கவில்லை. மிஷ்னாவில் அவர் பெயரைப் பல இடங்களில் காணலாம். வாதத்தில் தோற்றவர்களின் கருத்தை எதற்காக எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்வியை அந்த நூலே எழுப்புகிறது. பிற்காலத்தில் வரும் ஒரு சபைக்கு அந்தக் கருத்தே சரி என்று படலாம், அப்போது பற்றிக்கொள்ள அது இருக்க வேண்டும் என்பது அது தரும் விடைகளில் ஒன்று.