எந்த மணம் மணம்? நாராயணவனமும் கைம்பெண்களின் சொத்துரிமையும்

திருமலை வேங்கடவன் ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணந்த தலம் என்று புராணம் போற்றும் ஊர் நாராயணவனம். திருமணச் செலவுக்குக் குபேரனிடம் பெருமாள் கடன் பெற்ற கதையும் இம்மணத்தோடு சேர்ந்தது. திருமகளும் பத்மாவதியும் வழிபாட்டில் உடன் இடம்பெறுகின்றனர். மனிதர் வீட்டில் இரு மனைவியரின் நிலையைத் தீர்மானித்தது சட்டம். அச்சட்டமோ ஒரு தலைமுறைக்குள் பலமுறை மாறியது.

இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும் அதற்கு முன் வட ஆர்க்காட்டிலும் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமையும் வரை சென்னை மாகாணச் சட்டங்களே இங்கும் நடைமுறையில் இருந்தன.

பழைய இந்து சட்டத்தில் ஆண் எத்தனை பெண்களை மணப்பதற்கும் தடையில்லை. ஆண் மக்கள் இருந்தால் கைம்பெண்ணுக்குக் கிடைத்தது வாழ்க்கைப்பொருள் மட்டுமே. ஆண் மக்கள் இல்லாதபோதே கணவனின் தனிச்சொத்து அவளுக்குச் சென்றது. அதுவும் ஆயுட்கால அனுபவ உரிமையாகவே. 1829இல் இறந்த சிவகங்கை சமீன்தார் கௌரி வல்லபத் தேவருக்கு ஏழு மனைவியர். அவருக்குப் பின் உயிரோடிருந்தோர் மூவர். அச்சொத்து குறித்த வழக்கு 1863இல்தான் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவனாயினும், அவன் தானே ஈட்டிய சொத்தில் ஆண் மகவு இல்லாதபோது கைம்பெண்ணுக்கே முதல் உரிமை என்ற நெறி அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

கைம்பெண்கள் பலராயின் அவர்கள் ஒரே வாரிசுபோல் சொத்தைக் கூட்டாக அடைந்தனர். ஒருத்தி இறந்தால் அவள் உரிமை அவள் பெற்ற மகளைச் சேராது. உயிரோடிருக்கும் சக்களத்தியைச் சேரும். 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கணவனின் தனிச்சொத்தில் மகனுக்கு நிகரான ஒரு பங்கை, எல்லாக் கைம்பெண்களுக்கும் சேர்த்து, அளித்தது. வேளாண் நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கூறியது. நிலத்தை நம்பிய குடும்பங்களில் இதனால் சட்டம் பெரும்பாலும் வெற்றெழுத்தானது. சென்னை அரசு 1947இல் தனிச்சட்டம் இயற்றி அக்குறையை நீக்கியது.

பெருந்திருப்பம் 1949இல் நேர்ந்தது. சென்னை மாகாண இருதார மணத் தடைச் சட்டம், முதல் மனைவி இருக்கையில் நடக்கும் மறுமணத்தைச் செல்லாததாக்கியது. 1955இன் இந்துத் திருமணச் சட்டம் அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது. அதற்குப் பின், ஒரே ஊரில் ஒரே சடங்கோடு மணந்த இரு பெண்களில், 1948இல் இரண்டாந்தாரமானவள் சட்டப்படி மனைவி. 1950இல் ஆனவள் மனைவியல்லள்.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கணக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். உயில் எழுதாமல் ஒருவர் இறக்கிறார், தாய் இல்லை. மூத்தாளுக்கு ஒரு பிள்ளை, இளையாளுக்கு இரண்டு. இரு மணங்களும் செல்லுமாயின், மனைவியர் இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு. ஆளுக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்குத் தலா நான்கில் ஒன்று. இரண்டாம் மணம் 1960இல் நடந்திருந்தால் மூத்தாளுக்கு நான்கில் ஒன்று, இளையாளுக்கு ஒன்றுமில்லை. அவள் பிள்ளைகளைத் தந்தையின் தனிச்சொத்துக்கு வாரிசாகத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு காக்கிறது, தாயைக் காப்பதில்லை. அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கைம்பெண்ணின் ஆயுட்கால உரிமையை முழு உரிமையாக்கியது. சக்களத்திக்குப் போய்வந்த பங்கு, அதன்பின் அவரவர் மக்களுக்குப் போகத் தொடங்கியது.

இந்தக் கணக்கைக் கலைக்க வல்லது வழக்காறு. ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்யும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. அத்தகைய வழக்கத்தின்படியான மணமுறிவைத் திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது. அது மெய்ப்பிக்கப்பட்டால் இளையாளே கைம்பெண், மூத்தாள் வெளியாள். மெய்ப்பிக்கும் சுமையோ வழக்கத்தைச் சொல்பவர் மேலேயே. முத்திரைத்தாளில் எழுதிய தீர்வுச்சீட்டு மட்டும் போதாது; அச்சமூகத்தில் அவ்வழக்கம் தொன்றுதொட்டுத் தொடர்வதையும் காட்ட வேண்டும். தொன்மை இல்லாத வழக்கம் வழக்காறாகாது என்ற இதே அளவுகோலைக் கொண்டுதான், 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில், புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த 7ஏ பிரிவு, முன்பு நடந்த அத்தகைய மணங்களையும் செல்லுபடியாக்கியது.

அத்திருத்தம் தமிழ்நாட்டோடு நின்றது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாராயணவனமும் புத்தூரும் ஆந்திரத்தில் தொடர்ந்தன. மொழியும் கொள்வினை கொடுப்பினையும் கலந்த இந்நிலப்பரப்பில், மாலை மாற்றி மோதிரம் அணிவித்துக்கொண்டவர்கள் திருத்தணியில் கணவன் மனைவியர். எல்லைக்கு வடக்கே அதே நிகழ்வு மணமாவதற்குச் சாதி வழக்கமோ சடங்கோ துணைநிற்க வேண்டும்.

திருமணப் பதிவு ஆந்திரத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய மணங்களுக்குப் பெரும்பாலும் சாட்சிகளே ஆவணம். வழக்கு வரும் காலத்தில் புரோகிதரும் ஊர்ப் பெரியவரும் உயிரோடிருப்பது அரிது. இரு மணங்களையும் நடத்திக்கொண்ட ஆண், விசாரணை தொடங்குமுன்பே இறந்துவிடுகிறான். முப்பது ஆண்டுகள் அவன் வீட்டில் உழைத்த பெண், தான் மனைவியாக இருந்தாளா என்பதை அவன் இறந்த பிறகு நீதிமன்றத்தில் கேட்டறிகிறாள். ஒருதார மண விதி மூத்தாளுக்கு நீதி வழங்கியது மெய். அதன் விலையைப் பெரும்பாலும் செலுத்தியவள், விதியை மீறிய ஆண் அல்லன், இளையாளே என்பதும் மெய். வாரிசுரிமை வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருசேரக் காணவேண்டும்.